வந்த வழி பார்க்கும் ரூட்டர்கள்

ஒருவர்க்கு ஒரு செய்தியைச் சொல்லுதல் எளிது. ஊருக்கெல்லாம் சொல்லுதலும் எளிது. வேண்டியவர்க்கு மட்டும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுதல்தான் அரிது. அஞ்சற்காரர் முதல் வகையைச் செய்கிறார். தமுக்கடிப்பவர் இரண்டாவதைச் செய்கிறார். மூன்றாவதைச் செய்வதற்கென்று இணையத்தில் ஏற்பட்ட முறைதான் 'மல்டிகாஸ்ட்' என்பது. தமிழில் இதனைக் குழுப் பரப்பு எனலாம். கணிப்பொறி பயிலும் நண்பர்கள் இப்பெயரைப் பாடத்தில் படித்திருப்பர்; தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடையும் எழுதியிருப்பர். ஆயினும் ஒரு வலைப்பின்னலில் இதனை மெய்யாகவே ஓடச் செய்ய வேண்டுமானால் ரூட்டர்கள் தமக்குள் எவற்றைப் பேசிக்கொள்ள வேண்டும், அவற்றுக்கு நாம் எவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது பலர்க்கும் தெளிவாக இல்லை. மற்றத் துறை நண்பர்களுக்கும் விளங்குமாறு அதனை இங்கே எழுத முயல்கிறேன். ரூட்டரைத் 'திசைவி' என்று அறிஞர்கள் மொழிபெயர்த்துள்ளனர், நல்ல சொல்தான். ஆனால் விடுதிச் சுவரில் விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும் பெட்டியைத் திசைவி என்று எவரும் அழைக்கக் கேட்டதில்லை. ஆதலின் ரூட்டர் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நம் சங்கத்தின் பொங்கல் விழாவை அரங்கிலிருந்து விடுதிகளுக்கு நேரலையாக அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு 5 மெகாபிட் அளவினவாக இருக்கட்டும். விடுதிகளில் 200 பேர் பார்க்கிறார்கள். ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் படி அனுப்பினால் அரங்கிலிருந்து புறப்படும் வெள்ளம் நொடிக்கு 1000 மெகாபிட். நாடகத்தில் கதாநாயகன் வாய் திறப்பதற்குள் கம்பி நிரம்பிவிடும். குழுப் பரப்பிலோ அரங்கிலிருந்து ஒரே படிதான் புறப்படும். அது 5 மெகாபிட். வழி எங்கே கிளைக்கிறதோ அங்கே மட்டும் ரூட்டர் அதனைப் படியெடுத்து ஒவ்வொரு கிளையிலும் ஒன்று விடும். பார்ப்பவர் 200 ஆனாலும் 2000 ஆனாலும் அனுப்பும் கணிப்பொறிக்கு வேலை ஒன்றே.

"கம்பியைப் பெரிதாக்கிவிட்டால் போயிற்று, இதற்கு இவ்வளவு ஆரவாரம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கம்பியின் அளவு மட்டும் இங்கே சிக்கல் அன்று, வரிசையும் சிக்கல். இதற்கு நம் நாட்டிலேயே பெரியதொரு சான்று உண்டு. மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தை 2010-ஆம் ஆண்டு முதல், தன் கட்டடத்திற்குள்ளேயே கணிப்பொறி வைத்துக்கொள்ளும் தரகர்களுக்கு ஒவ்வொரு விலை மாற்றத்தையும் உடனுக்குடன் அனுப்பி வந்தது. அனுப்பிய முறை தனித்தனித் தொடர்பு. அதாவது ஒருவர்க்குக் கொடுத்த பிறகு அடுத்தவர்க்கு. வரிசையில் முன்னே நின்றவர்க்குச் செய்தி முன்னே கிடைத்தது. வேறுபாடு நொடியில் மிகச் சிறிய பின்னம்தான். ஆனால் விலைக்கு விலை பேசும் இயந்திரங்களுக்கு அந்தப் பின்னமே பெரும்பொழுது. 2014-இல் சந்தை குழுப் பரப்பு முறையைக் கொண்டுவந்தது. முந்தைய முறை பற்றிய விசாரணையின் முடிவில், 2019 ஏப்ரலில், 624.89 கோடி ரூபாயை வட்டியுடன் செலுத்துமாறு பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபி சந்தைக்குக் கட்டளையிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 ஜனவரியில் அக்கட்டளையை நீக்கி, போதிய கவனம் காட்டாமைக்காக 100 கோடி ரூபாய் செலுத்துமாறு பணித்தது. வழக்கின் சட்ட நுணுக்கங்கள் நமக்கு வேண்டா. ஒரே செய்தியை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதற்கும் ஒருங்கே அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு கோடிக் கணக்கில் பேசப்பட்டது என்பதை மட்டும் நினைவில் கொள்க.

இனி, முறைக்கு வருவோம். குழுப் பரப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் உண்டு. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. இவை எந்தக் கணிப்பொறிக்கும் சொந்த முகவரி அல்ல. வானொலியில் அலைவரிசை எண் போன்றவை. கேட்க விரும்பும் கணிப்பொறி தன் அருகிலுள்ள ரூட்டருக்கு "நான் இந்தக் குழுவில் சேர்கிறேன்" என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். இச்செய்திக்கான நெறிமுறை ஐ.ஜி.எம்.பி. எனப்படும். ரூட்டரும் அவ்வப்போது "இக்குழுவுக்கு இன்னும் ஆள் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். விடை வராவிடின் அந்தப் பக்கம் அனுப்புவதை நிறுத்திவிடும். இந்த ஏற்பாட்டை வகுத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங். அவர் எழுதிய விதிமுறை 1989-இல் வெளிவந்தது. ஆய்வேடு 1991-இல் முடிந்தது.

இடையே ஒரு செய்தி. குழு எண்ணை ஈதர்நெட் அட்டையின் எண்ணாக மாற்றும்போது, குழு எண்ணில் மாறக்கூடிய 28 பிட்டுகளில் 23 மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இதற்குக் காரணம் பணமுடை என்று ஒரு கதை உண்டு. டீரிங் 16 எண்தொகுதிகள் வேண்டினாராம். ஒரு தொகுதியின் விலை 1000 டாலர். ஜான் போஸ்டல் ஒரே ஒரு தொகுதியை வாங்கி, அதிலும் பாதியைத்தான் கொடுத்தாராம். கதை எவ்வாறாயினும் விளைவு உண்மை: 32 குழு எண்கள் ஒரே ஈதர்நெட் எண்ணில் வந்து விழுகின்றன. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் தம் குழுவுக்கு 239.0.0 என்று தொடங்கும் எண்ணை வைப்பதில்லை. அது ரூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 224.0.0 வரிசையோடு ஒன்றாகிவிடும். சுவிட்சுகள் அதனை எல்லா வாயில்களிலும் கொட்டிவிடும். குழுப் பரப்பு தமுக்காக மாறிவிடும். நம் விழாவுக்கு 239.10.20.30 என்று வைத்துக்கொள்வோம்.

கேட்பவர்க்கும் அருகிலுள்ள ரூட்டருக்கும் இடையே நடப்பது இவ்வளவே. உண்மையான வேலை ரூட்டருக்கும் ரூட்டருக்கும் இடையில் இருக்கிறது.

வழக்கமான பொட்டலம் ஒன்று வந்தால் ரூட்டர் கேட்கும் கேள்வி: "இது எங்கே போக வேண்டும்?" சேருமிடத்தின் முகவரியை வழிப்பட்டியலில் பார்த்து, உரிய வாயிலில் தள்ளிவிடும். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. குழுப் பரப்பில் இந்தக் கேள்வி பயன்படாது. சேருமிடம் ஓர் இடம் அன்று, குழுவின் பெயர். குழு எங்கே இருக்கிறது? எங்கும் இருக்கலாம். ஆகவே ரூட்டர் கேள்வியையே திருப்பிப் போடுகிறது: "இது எங்கிருந்து வந்தது? அங்கே நான் திரும்பிப் போவதானால் எந்த வாயில் வழியாகப் போவேன்? அதே வாயில் வழியாகத்தான் இது உள்ளே வந்ததா?" ஆம் எனில் பொட்டலத்தை ஏற்று, கேட்பவர் இருக்கும் கிளைகளிலெல்லாம் அனுப்பும். அன்று எனில் அப்படியே எறிந்துவிடும். யாருக்கும் சொல்லாது, திருப்பி அனுப்பாது, முனகலும் இல்லை.

இத்துணைக் கடுமை எதற்கு என்று கேட்கலாம். வலைப்பின்னலில் வழிகள் வட்டமாகவும் அமையும். சாதாரணப் பொட்டலம் ஒன்று வட்டத்தில் சிக்கினால், சுற்றிச் சுற்றி வந்து ஆயுள் முடிந்து மடியும். கெடுவது ஒரு பொட்டலம். குழுப் பொட்டலமோ ஒவ்வொரு கிளையிலும் படியெடுக்கப்படுவது. அது வட்டத்தில் சிக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் பெருகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சிறிது நேரத்தில் வலைப்பின்னல் முழுவதும் மூழ்கும். வந்த வழி பார்த்து எறியும் இந்தச் சோதனைதான் வட்டத்தை முறிக்கிறது. இக்கருத்தை 1978-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டவர்கள் இருவர்: ஒருவர் ஈதர்நெட்டைக் கண்ட ராபர்ட் மெட்கால்ஃப், மற்றவர் மும்பை ஐ.ஐ.டி.யில் 1972-இல் பட்டம் பெற்று ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்ற யோகன் தலால். இணையத்தின் அடிப்படையான டி.சி.பி. நெறிமுறையின் முதல் விரிவான விதிநூலை 1974-இல் எழுதிய மூவரில் ஒருவரும் இந்த யோகன் தலாலே. நம் பாடநூல்களில் இவர் பெயர் அடிக்கடி வருவதில்லை என்பது என் குறை.

இப்பொழுது கட்டுரையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். வந்த வழி சரியா என்று பார்க்க வேண்டுமானால், ஊற்றுக்குத் திரும்பிப் போகும் வழி ஒவ்வொரு ரூட்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவை ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் முறைதான் இதில் கையில் மண்படும் வேலை.

முதலில் தோன்றிய முறை டி.வி.எம்.ஆர்.பி. என்பது, 1988-இல் எழுதப்பட்டது. இதில் குழுப் பரப்புக்கென்றே தனி வழிப்பட்டியலை ரூட்டர்கள் வைத்துக்கொண்டு நிமிடத்திற்கு ஒரு முறை அண்டைவீட்டாரிடம் ஓதிவந்தன. பொட்டலத்தை முதலில் எங்கும் வெள்ளமாக விடும். "எங்கள் பக்கம் கேட்பவர் இல்லை" என்று சொல்லும் கிளைகளைப் பின்னர்க் கத்தரிக்கும். இம்முறையைக் கொண்டுதான் 1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் பேச்சொலி, மூன்று கண்டங்களிலுள்ள 20 இடங்களுக்கு நேரடியாகச் சென்றது. வழியிலிருந்த ரூட்டர்களில் பெரும்பாலானவை குழுப் பரப்பை அறியா. ஆகவே குழுப் பொட்டலத்தைச் சாதாரணப் பொட்டலம் ஒன்றின் வயிற்றுக்குள் வைத்துக் கடத்தினார்கள். இப்படிச் சுரங்கங்களால் பின்னிய அமைப்புக்கு எம்போன் என்று பெயர். 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் கச்சேரி ஒன்றின் சில நிமிடங்கள்கூட இதன் வழியே உலகெங்கும் போயின. ஆனால் முதலில் வெள்ளம், பிறகு கத்தரிப்பு என்பது சிறிய ஊருக்குத்தான் தகும். உலகத்துக்கு ஒவ்வாது.

அதன் பின் வந்தது பிம். முழுப் பெயரின் பொருள் 'எந்த வழிநெறியையும் சாராத குழுப் பரப்பு' என்பது. தனக்கெனத் தனி வழிப்பட்டியலை இது ஓதுவதில்லை; ரூட்டரில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண வழிப்பட்டியலையே வந்த வழி பார்க்கவும் பயன்படுத்திக்கொள்கிறது. இதன் அருகிய வகையில் யாரும் கேட்காமல் எதுவும் புறப்படாது. கேட்பவர் பக்கத்து ரூட்டர், 'சந்திப்பிடம்' என்று முன்கூட்டி வகுக்கப்பட்ட ஒரு ரூட்டரை நோக்கிச் 'சேர்கை' விண்ணப்பத்தைப் படிப்படியாக அனுப்பும். அனுப்புபவர் பக்கத்து ரூட்டரோ பொட்டலத்தைச் சந்திப்பிடத்தில் கொண்டுபோய்ப் பதிவு செய்யும். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஒருவரையொருவர் அறியாவிடினும் தரகர் வீட்டில் சந்திப்பது போன்றது இது. அறிமுகம் ஆனபின் தரகர் வேண்டுவதில்லை; கேட்பவர் பக்கத்து ரூட்டர் ஊற்றை நோக்கி நேரே விண்ணப்பம் அனுப்பிக் குறுக்கு வழியை அமைத்துக்கொள்ளும்.

ரூட்டரில் செய்ய வேண்டிய வேலை பார்வைக்கு மிகச் சிறிது. சிஸ்கோ வகை ரூட்டரானால் 'ஐ.பி. மல்டிகாஸ்ட்-ரூட்டிங்' என்ற ஒரு கட்டளை. பிறகு ஒவ்வொரு வாயிலிலும் 'ஐ.பி. பிம் ஸ்பார்ஸ்-மோட்' என்ற கட்டளை. சந்திப்பிடத்தின் முகவரியைச் சொல்லும் 'ஐ.பி. பிம் ஆர்.பி.-அட்ரஸ்' என்ற கட்டளை. மூன்றே வரிகள். இவற்றைப் போட்டவுடன் ரூட்டர் ஒவ்வொரு வாயிலிலும் 30 நொடிக்கு ஒரு முறை வணக்கம் சொல்லத் தொடங்கும். மறுபக்கத்து ரூட்டரும் வணக்கம் சொன்னால் இரண்டும் அண்டையராகும். சேர்கை விண்ணப்பம் ஒரு முறை கொடுத்தால் போதாது. நிமிடத்திற்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிடின் மூன்றரை நிமிடத்தில் கிளை தானே உதிர்ந்துவிடும். சந்திப்பிடத்தின் முகவரி எல்லா ரூட்டர்களிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் அதில்தான் எழுத்துப் பிழை நேர்கிறது.

மூன்று வரிகள் போட்டும் படம் வராத நிலை உண்டு. அதுதான் இக்கட்டுரைக்குக் காரணம். ஆதலின் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

நம் கற்பனை வளாகத்தில் மூன்று ரூட்டர்கள். அரங்கும் கணிப்பொறி மையமும் சேர்ந்த இடத்தில் ஒன்று; அதனை மைய ரூட்டர் என்போம்; சந்திப்பிடமும் அதுவே. நூலகத்தில் ஒன்று. விடுதியில் ஒன்று. பழைய கம்பி மையத்திலிருந்து நூலகம் சென்று, நூலகத்திலிருந்து விடுதி செல்கிறது. இரு கம்பிகளிலும் பிம் ஓடுகிறது. சென்ற ஆண்டு விழா நன்றாக நடந்தது. இதற்கிடையில் மையத்திலிருந்து விடுதிக்கு நேரே ஒரு புதிய ஒளியிழைக் கம்பி போடுகிறார்கள். கம்பியை இணைத்தவர் வழக்கமான வழிநெறியை அதில் ஏற்றிவிட்டார். மின்னஞ்சல் விரைகிறது, படங்கள் நொடியில் இறங்குகின்றன, விடுதியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிம் கட்டளையைப் புதுக் கம்பியின் வாயில்களில் மட்டும் போடவில்லை.

விழா நாள் வருகிறது. விடுதியில் ஒருவர் குழுவில் சேர்கிறார். விடுதி ரூட்டர் தன் வழிப்பட்டியலைப் பார்க்கிறது: சந்திப்பிடத்துக்குச் சிறந்த வழி எது? புதுக் கம்பிதான், நேரானது, விரைவானது. சேர்கை விண்ணப்பத்தை அந்தப் பக்கம்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் வணக்கம் சொல்லும் பிம் அண்டையர் எவரும் இல்லை. விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது? ரூட்டர் சும்மா இருந்துவிடுகிறது. நூலக ரூட்டர் பக்கத்திலேயே ஆயத்தமாக நிற்கிறது. ஆனால் அதனிடம் யாரும் கேட்கவில்லை. எவரேனும் ஆத்திரத்தில் நூலக ரூட்டரைக் கட்டாயப்படுத்திப் படத்தை விடுதிப் பக்கம் தள்ளச் செய்தாலும் பயன் இல்லை. விடுதி ரூட்டர் "ஊற்றுக்கு வழி புதுக் கம்பி, நீ வந்ததோ பழைய கம்பி" என்று சொல்லி எறிந்துவிடும். சாதாரணப் போக்குவரத்து முன்னிலும் சிறப்பாக ஓடுகிறது. குழுப் பரப்பு மட்டும் செத்துக் கிடக்கிறது. 'பிங்' அடித்துப் பார்ப்பவர் "கம்பியில் ஒரு கோளாறும் இல்லை" என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் உண்மையே!

இந்நிலையில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு விடை. விடுதி ரூட்டரில் 'ஷோ ஐ.பி. ஆர்.பி.எஃப்.' என்று எழுதி, ஊற்றின் முகவரியைக் கொடுத்தால், "திரும்பும் வழி இந்த வாயில்; அங்கே அண்டையர் இவர்" என்று ரூட்டர் சொல்லும். நம் எடுத்துக்காட்டில் அண்டையர் இல்லை என்று வரும். பலர் முதலில் அனுப்பும் கணிப்பொறியைக் குறை சொல்லி அதனை மூன்று முறை அணைத்து எழுப்புவர். இருமருங்கும் ஆராய்வதைவிடக் கேட்பவர் பக்கத்திலிருந்து ஊற்றை நோக்கி ஒவ்வொரு ரூட்டராக நடந்து போவதே குறுக்குவழி என்பது என் கருத்து. விண்ணப்பம் நடக்கும் திசை அதுதான் அல்லவா?

நோய் தெரிந்தால் மருந்து இரண்டு. புதுக் கம்பியின் இரு முனையிலும் பிம் கட்டளையைப் போடுவது முதல் மருந்து. எப்போதும் இதுவே நல்லது. சில வேளைகளில் அது இயலாது. இடையிலுள்ள தீத்தடுப்பு அரண் குழுப் பொட்டலங்களை விடாது, அல்லது அந்தக் கம்பி வேறொருவர்க்கு உரியதாக இருக்கும். அப்போது 'ஐ.பி. எம்ரூட்' என்ற கட்டளையால் "குழுப் பரப்பைப் பொறுத்தவரை ஊற்றுக்குத் திரும்பும் வழி நூலகம்தான்" என்று விடுதி ரூட்டருக்குத் தனியே சொல்லிவைக்கலாம். சாதாரணப் பொட்டலங்கள் புதுக் கம்பியில் போகும்; குழுப் பொட்டலங்களுக்கான கணக்கு நூலக வழியில் நடக்கும். இது கையால் எழுதிய வழி என்பதை மறக்கலாகாது. வலைப்பின்னலில் நாளை மாற்றம் வந்தால் தானே மாறிக்கொள்ளாது. எழுதியவர் பட்டம் பெற்று ஊருக்குப் போனபின் அடுத்து வருபவர்க்கு அது புதிராகவே இருக்கும்.

ஒரு வளாகத்துக்குள் கையால் எழுதலாம். ஒரு நிறுவனத்துக்கும் மற்றொரு நிறுவனத்துக்கும் இடையே என்ன செய்வது? அங்கே வழிகளைப் பரிமாறிக்கொள்வது பி.ஜி.பி. என்னும் நெறிமுறை. 1998-இல் இதனை விரிவுபடுத்தி, ஒரே உரையாடலில் இரண்டு தனிப் பட்டியல்களைக் கொண்டுசெல்ல வழி செய்தார்கள்: ஒன்று சாதாரணப் போக்குவரத்துக்கு, மற்றொன்று வந்த வழி பார்ப்பதற்கு மட்டும். ரூட்டரில் 'அட்ரஸ்-ஃபேமிலி ஐ.பி.வி4 மல்டிகாஸ்ட்' என்ற பிரிவைத் திறந்து, அதனுள் அண்டையரை 'ஆக்டிவேட்' செய்ய வேண்டும். இதனை இரு பக்கத்தாரும் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் உரையாடலின் தொடக்கத்திலேயே "எனக்கு அது தெரியாது" என்று மற்றவர் ரூட்டர் சொல்லிவிடும். சாதாரணப் பட்டியல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்பட்டியலில் எவற்றை அறிவிப்பது என்பதில் பலர்க்கும் மயக்கம் உண்டு. சாதாரணப் பட்டியலில் நாம் அறிவிப்பது "இந்த முகவரிக்கு உரியவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு வருவதை எனக்கு அனுப்புக" என்பது. குழுப் பரப்புப் பட்டியலில் அறிவிக்க வேண்டியது கேட்பவர்களின் முகவரிகளை அல்ல, ஊற்றுகளின் முகவரிகளை. "இந்த முகவரியிலிருந்து பேச்சு வரும், அதனை நோக்கிச் சேர்கை விண்ணப்பம் அனுப்ப விரும்பினால் என் வழியாக அனுப்புக" என்பதே அதன் பொருள். கேட்பதோடு நிற்கும் நிறுவனம் தன் முகவரிகளை இதில் அறிவிக்க வேண்டிய தேவை இல்லை. அனுப்பும் நிறுவனமோ விழா நடக்கும் அரங்கின் முகவரியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அறிவித்தால் ஒரு பயனும் இல்லை. திரும்பிப் பார்க்கும் கேள்விக்கு விடையும் திரும்பியே இருக்கும்.

இன்னும் ஒரு தொல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் சந்திப்பிடம் இருக்குமானால், ஒருவர் வீட்டில் பேசுவது மற்றவர் வீட்டுத் தரகருக்கு எப்படித் தெரியும்? இதற்கென்று எம்.எஸ்.டி.பி. என்ற நெறிமுறை வந்தது. சந்திப்பிடங்கள் ஒன்றோடொன்று தொடர்பு வைத்துக்கொண்டு, "என் வீட்டில் இன்ன ஊற்று, இன்ன குழுவில் பேசுகிறது" என்று நிமிடத்திற்கு ஒரு முறை சொல்லும். கேட்டவர் தம் அண்டையர்க்கெல்லாம் சொல்வார். அவர்கள் தத்தம் அண்டையர்க்குச் சொல்வார்கள். ஊர் வம்பு பரவும் முறைதான். வம்பு உண்மையாக இருக்கும்வரை இதில் தீங்கில்லை.

2001 ஜனவரியில் ராமென் என்ற பெயருடைய கணிப்பொறிப் புழு ஒன்று புறப்பட்டது. நூடுல்ஸ் பண்டத்தின் பெயரை வைத்துக்கொண்ட அந்தப் புழு, ரெட் ஹாட் லினக்ஸ் ஓடும் கணிப்பொறிகளில் புகுந்து, அங்கிருந்து வேறு இரை தேட முகவரிகளைக் கண்டபடி துழாவியது. ஒரு முறை துழாவினால் 65,536 முகவரிகள். அவை சில நேரங்களில் குழு எண்களின் வட்டாரத்தில் போய் விழுந்தன. புழுவுக்கு அது பயனற்ற முயற்சி. குழு எண்ணில் எந்தக் கணிப்பொறியும் குடியிருக்கவில்லை. ஆனால் ரூட்டர்கள் பார்வையில் ஒவ்வொரு பொட்டலமும் ஒரு புதுக் குழுவில் ஒரு புது ஊற்று. அருகிலிருந்த ரூட்டர் அதனைச் சந்திப்பிடத்தில் பதிந்தது. சந்திப்பிடம் "என் வீட்டில் புதிய பேச்சு" என்று உலகுக்கு அறிவித்தது. உலகம் அதனை நம்பித் தன் நினைவில் எழுதிக்கொண்டது. ஒரே ஒரு கெட்டுப்போன கணிப்பொறியிலிருந்து ஆயிரக்கணக்கான பொய் அறிவிப்புகள் கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்தன, ரூட்டர்கள் திணறின. 2003 ஜனவரியில் ஸ்லாமர் புழு வந்தபோதும் இதே கதை. யாருடைய ரூட்டரும் பிழை செய்யவில்லை. சொன்னதை நம்பி, நம்பியதைச் சொன்னது. அதுதான் கேடு.

ஆகவே எம்.எஸ்.டி.பி. தொடர்பை அமைக்கும்போது வடிகட்டி இல்லாமல் அமைப்பது கதவில்லா வீடு கட்டுவதற்கு ஒப்பாகும். 239 என்று தொடங்கும் குழுக்கள் அந்தந்த வளாகத்துக்குள் வாழ வேண்டியவை; அவற்றை வெளியே சொல்லவும் கூடாது, வெளியிலிருந்து கேட்கவும் கூடாது. 10 என்று தொடங்குவன போன்ற தனி முகவரிகளை ஊற்றாகக் காட்டும் அறிவிப்புகளை எறிந்துவிட வேண்டும். ஓர் அண்டையர் எத்தனை அறிவிப்புகள் தரலாம் என்பதற்கு உச்சவரம்பும் வைக்க வேண்டும். எல்லை வாயிலில் 239 வரிசைப் பொட்டலங்களுக்கே தடை போடுதலும் வேண்டும். அறிவிப்பைத் தடுத்துப் பொட்டலத்தை விட்டுவிடுவதில் பொருள் இல்லை.

இவ்வளவு தொல்லைக்கும் வேர் எது? "இக்குழுவில் யார் பேசினாலும் கேட்பேன்" என்று கேட்பவர் சொல்வதுதான். யார் பேசுகிறார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அதனால் வலைப்பின்னலின் தலையில் விழுகிறது. "இன்ன ஊற்று இன்ன குழுவில் பேசுவதை மட்டும் கேட்பேன்" என்று கேட்பவரே சொல்லிவிட்டால் தரகரும் வேண்டா, வம்பும் வேண்டா. ஐ.ஜி.எம்.பி.யின் மூன்றாம் பதிப்பு 2002-இல் இதற்கு இடம் தந்தது. 232 என்று தொடங்கும் குழு எண்கள் இம்முறைக்கு ஒதுக்கப்பட்டன. நிறுவனங்களுக்கிடையே பழைய முறையைக் கைவிட்டு இம்முறையையே ஆளுக என்று இணையப் பொறியாளர் அமைப்பு 2020 ஆகஸ்டில் பரிந்துரைத்துவிட்டது. ஐ.பி. ஆறாம் பதிப்புக்கு எம்.எஸ்.டி.பி.யை யாரும் எழுதவே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரகர் போனாலும் வந்த வழிச் சோதனை போகவில்லை. ஊற்றுக்குத் திரும்பும் வழி தெரியாத ரூட்டர் இம்முறையிலும் ஊமைதான். பிம் இல்லாத புதுக் கம்பி இம்முறையிலும் படத்தை விழுங்கும்.

நம் விழாவுக்குத் திரும்புவோம். குழுப் பரப்பில் யாரும் கேட்காதவரை ரூட்டர்களில் கிளை எதுவும் அமைவதில்லை. ஆகையால் "பட்டியல் காலியாக இருக்கிறதே" என்று முதல்நாள் பார்த்து அஞ்சவும் வேண்டா. "கட்டளைகளெல்லாம் இருக்கின்றனவே" என்று பார்த்து அமைதி கொள்ளவும் வேண்டா. விழாவுக்கு முதல்நாள் மாலை அரங்கிலிருந்து ஏதேனும் ஒரு படத்தை ஓடவிட்டு, விடுதியில் ஒரு மடிக்கணினியைக் குழுவில் சேர்த்துவிட்டு, விடுதி ரூட்டரில் 'ஷோ ஐ.பி. எம்ரூட்' அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் வாயில் எது, அண்டையர் யார், வெளியே போகும் வாயில்கள் எவை என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு மைய ரூட்டர்வரை ஒவ்வொன்றிலும் இவ்வாறே பார்க்க வேண்டும். பிறகு புதுக் கம்பியைக் கழற்றிவிட்டு, படம் நூலக வழியாக எத்தனை நொடியில் திரும்பி வருகிறது என்று கைக்கடிகாரத்தில் எண்ணி, கம்பியை மீண்டும் மாட்டிவிட்டு வர வேண்டும்.